பூட்டில்லாத வீட்டுக்கு ஒரு துவக்கு

பேனாட் துவக்குச் சுடும் சங்கத்தில் சேர்ந்தது புனித செபஸ்தியாரை நம்பித்தான். சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் நடந்தது அதுதான்.

டுசல்டோர்ஃப் நகரத்தின் ஓரத்தில், ட்ராம் கடைசியாக வந்து திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. அதன் நெற்றியில் மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி செபஸ்தியார் நிற்கிறார். பேனாட் மன்னார்க்காரர், ஊர் பேசாலை. அங்கே கொள்ளை நோய் வந்தால் முதலில் கூப்பிடுவது செபஸ்தியாரைத்தான். கொரோனா முடிந்த கையோடு அந்தச் சொரூபத்தைக் கண்டவருக்குக் கால் தானாக நின்றுவிட்டது. கீழே பெயர்ப்பலகை: செபஸ்தியார் பெயர், பிறகு 'ஷுட்சன்' என்று ஒரு சொல், பிறகு சகோதர சபை. இருபத்தேழு வருடமாகத் தொழிற்சாலையில் நிற்கிற மனிதர். பாதுகாப்புக் கண்ணாடி, பாதுகாப்புச் சப்பாத்து, பாதுகாப்புத் தொப்பி எல்லாவற்றிலும் அந்த 'ஷுட்ஸ்' ஒட்டியிருப்பதைத் தினமும் பார்க்கிறார். ஷுட்சன் என்றால் காப்பது. அப்படியானால் இது செபஸ்தியார் காவல் சபை. அவர் கணக்கு அதுதான். காப்பதற்கு வைத்த அதே சொல்லை ஜெர்மன்காரன் சுடுகிறவனுக்கும் வைத்திருக்கிறான் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இரண்டு பக்க விண்ணப்பம். இங்கே அதற்கு அன்ட்ராக் என்று பெயர், அது இல்லாமல் இந்த நாட்டில் தும்மவும் ஏலாது. அதில் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பெயரைக்கூட எழுதி, கையெழுத்து வைத்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. வெள்ளைச் சேர்ட், சட்டைப்பையில் செபமாலை, கையில் செபப்புத்தகம். கதவைத் திறந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதை மூடிக்கொண்டு நாலு பேர் துவக்கோடு நிற்கிறார்கள்.

வில்லி என்ற ஒரு பெரிய வயிற்றுக்காரர்தான் முதலில் வந்து, கையிலிருந்த செபப்புத்தகத்தைப் பார்த்து, விஷயத்தைப் பிடித்துக்கொண்டவர். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கேலியாகச் சிரிக்கவில்லை. இங்கேயும் வருடத்துக்கு ஒரு முறை பூசை வைப்போம், கொடி பிடித்துச் சுற்றுவோம், செபஸ்தியார் எங்களுக்கும் காவல் என்று சொல்லி, ஒரு கதிரையைக் காட்டி இருத்தினார். அம்பு பட்டவரையே சுடுகிறவர்களுக்குக் காவல் வைத்திருக்கிறார்களே என்று பேனாட்டுக்கு ஒரு பக்கம் பகிடியாகவும் மறுபக்கம் மெய்சிலிர்ப்பாகவும் இருந்தது.

அவர் அதுவரை துவக்கின் முன்பக்கத்தை மட்டும்தான் கண்டவர். சந்தியில், பஸ்ஸில், சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகும்போது, எங்கே பார்த்தாலும் அது அவரை நோக்கித்தான் இருந்தது. துவக்கு என்பதற்குப் பின்பக்கம் ஒன்று உண்டு, அதற்குப் பின்னால் ஒருவன் அமைதியாக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கலாம் என்பதை அன்றுதான் பார்த்தார். ஒருவர் "பாதுகாப்பு" என்று குரல் கொடுத்தால், சுட்டுக்கொண்டிருந்த எல்லோரும் துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கை இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை. ஒரே ஒரு சொல். கையில் துவக்கு இருக்கிறவன் இன்னொருவன் சொல்லுக்குக் கீழ்ப்படிவதை அவர் பார்த்தது அதுதான் முதல்தடவை. வீட்டுக்கு வந்து பிறேமாவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

பேனாட் திரும்பிப் போனார். காற்றுத் துவக்கில் தொடங்கினார். காகித வட்டத்தின் நடுவில் ஓட்டை விழும்போது ஒரு சின்னப் பெருமை. அவ்வளவுதான், வேறு பெரிய கதை இல்லை. அவர் செய்கிற வேலை கதவுப் பூட்டுச் சேர்ப்பது. சுருள்கம்பி, நாக்கு, ஊசி எல்லாவற்றையும் விரல் நுனியால் அறிகிற மனிதர். அந்த விரலுக்குத் துவக்கின் விசை சுலபமாகப் பழகிவிட்டது. ஒரு வருடம் ஒழுங்காகப் போய், சட்டம் படித்து, சோதனை எழுதி, சித்தியடைந்தார். பிறகு பொலிஸ் தலைமையகத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

அங்கிருந்து வந்த பதிலை அவர் மடிக்காமல் இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தார். துவக்கு வைத்திருக்க அனுமதிக்கும் மஞ்சள் அட்டையும், கூடவே ஒரு கடிதமும். அந்தக் கடிதத்தில், பேனாட் அவர்களின் நம்பகத்தன்மை விசாரிக்கப்பட்டது, அதில் ஐயம் எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு இதே அரசாங்கம் அவருக்கு வேறொரு கடிதம் அனுப்பியிருந்தது. அகதி விசாரணையில் அவர் சொன்ன கதை நம்பத்தகுந்ததாக இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள், இப்போது கையில் துவக்கைக் கொடுத்து நம்புகிறோம் என்கிறார்கள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கென்றாலும் கலங்கியிருக்கும்.

இனி அந்தத் துவக்கின் கதைக்கு வருகிறேன். அது வில்லியுடையது. கைப்பிடிக்குக் கீழே வளையம்போல ஒரு இரும்பு. நாலு விரலையும் அதற்குள் விட்டு முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட கோது மேலே துள்ளி விழும், அடுத்த தோட்டா குழாய்க்குள் ஏறும், தோட்டாவைத் தட்டுகிற குதிரையும் தானாக மடங்கி நிற்கும். ஒரே அசைவில் மூன்று வேலை. பேனாட் அதை வளையத் துவக்கு என்பார். முதல்தடவை வில்லி அதை அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னபோது எழுந்த சத்தத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. அவருடைய தொழிற்சாலையில் ஆயிரம் பூட்டில் ஒரு பூட்டு அப்படி அமையும். அன்றைக்கு வேலையை நிறுத்திப் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இதைச் செய்தவன் எவனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றவேண்டும் என்றார் பேனாட், வில்லியிடமே. வில்லிக்கு அது விளங்கவில்லை என்றாலும் சந்தோசம்.

போன இலையுதிர்காலத்தில் வில்லி நெஞ்சுவலியில் போய்விட்டார். மனைவி அன்னா துவக்கு வைத்திருக்கிற ஆள் இல்லை. இரும்புப் பெட்டியில் கிடப்பதை யாராவது அனுமதி உள்ளவருக்குக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஜனவரி மாதக் கடைசியில் வியாபாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார். மற்றவை போகட்டும், அந்த ஒன்றை மட்டும் பேனாட் எடுக்கவேண்டும் என்பது அன்னாவின் ஆசை. விலையும் ஒன்றும் தலையில் அடிக்கிற விலை இல்லை.

அங்கேதான் மனிதருக்குத் தூக்கம் கெட்டது. எடுப்பதா, விடுவதா? சங்கத்தில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். புதிதாக எடு என்றார் ஒருவர். எடுக்கிறதுதான் எடுக்கிறாய், பெரிய தோட்டா போகிற துவக்காக எடு என்றார் இன்னொருவர். பெரிய தோட்டாவை வாங்கி எங்கே கொண்டுபோய்ச் சுடுவது? சங்கத்தின் சுடுகூடம் நிலத்துக்கடியில் இருக்கிறது. அதன் பின்சுவருக்குக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் பலம் வரைக்கும்தான் அனுமதி. வில்லியின் துவக்கு நீளத் துவக்காக இருந்தாலும் சாப்பிடுவது கைத்துப்பாக்கித் தோட்டாதான். அதிலும் ஒரே குழாயில் பலத்ததும் போகும், சாதுவானதும் போகும். சாதுவானதைப் போட்டால் தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இருபத்தேழு வருடம் பூட்டுத் திருகித் தேய்ந்துபோன வலத்தோளுக்கு அது பெரிய விஷயம். சங்கத்துத் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டால் ஒவ்வொரு செவ்வாயும் குறியை யாரோ மாற்றி வைத்திருப்பான். எந்தப் பக்கம் நிறுத்துப் பார்த்தாலும் தராசு எடு என்றுதான் சாய்ந்தது. மறுதட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பிறேமா.

பிறேமாவின் மூத்த அண்ணன் இராயப்புவைத் தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பேனாட்டுக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்குமேல் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சங்கத்துக்குப் போய்க் காகிதத்தைச் சுட்டுவிட்டு வருவது வேறு, துவக்கை வீட்டுக்குள் கொண்டு வருவது வேறு. அந்தச் சொல்லை எப்படி வாயால் எடுப்பது என்றே மூன்று கிழமை ஓடிவிட்டது.

அந்த வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வாசல் கதவைத் தவிர அந்த வீட்டில் பூட்டு என்ற சாமானே கிடையாது. அலுமாரிக்குச் சாவி இல்லை. மேசை லாச்சிக்குச் சாவி இல்லை. குளியலறைக் கதவில் இருந்த பூட்டைக்கூடக் குடிவந்த கிழமையே பிறேமா கழற்றச் சொல்லிவிட்டாள். உள்ளே இருக்கிறவர் இருமவேண்டும். மகள் வெரோனிக்கா பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளைக் கூட்டிவந்த காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கும் இருமப் பழக்கவேண்டியதாகப் போய்விட்டது. ஏன் என்று கேட்டால், நாள் முழுக்கப் பூட்டோடை மாரடிக்கிற மனிசனுக்கு வீட்டிலயும் பூட்டோ என்பாள் பிறேமா. பேனாட்டும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். இருபத்தொன்பது வருடமாக அதைப் பகிடி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய்வந்து பிறேமா அடுப்படியில் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வில்லியின் துவக்கை அன்னா தரலாம் என்கிறா என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பிறேமா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எங்கே வைப்பதாக உத்தேசம் என்று கேட்டாள், அவ்வளவுதான். பேனாட்டுக்குப் போன உயிர் வந்தது. அதற்கென்றே ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது, படுக்கையறை மூலையில் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிடலாம், எண் போட்டால்தான் திறக்கும், எண் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவேண்டும், பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது, அது சட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

பிறேமாவின் கை நின்றுவிட்டது.

"பூட்டின பெட்டி ஒண்டு இந்த வீட்டுக்குள்ள வராது" என்றாள். "துவக்கு வரட்டும். பெட்டி வராது."

இது என்ன பேச்சு என்று பேனாட்டுக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. துவக்கு வரலாமாம், பெட்டி வரக்கூடாதாம். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தார். செவ்வாய்க்கிழமை சங்கத்துக்கும் போகவில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்து, பிறேமா தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

இராயப்பு கோயில் திருநாளில் கூத்தாடுகிறவர். அந்த வருடம் அவருக்கு ராசா வேஷம். கூத்து உடுப்பெல்லாம் ஒரு பெரிய றங்குப்பெட்டியில் இருக்கும், சின்னப் பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் பூட்டி வைப்பார்கள். திருநாள் முடிந்து பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது. சாவி கூத்துப் பழக்கிய அண்ணாவியாரிடம், அவர் வீடு அடுத்த தெருவில் இருந்தது. விடியச் சுற்றிவளைத்தார்கள். வீட்டுக்குள் வந்தவர்கள் பெட்டியைக் கண்டார்கள். திற என்றார்கள். சாவி இல்லை என்றார் இராயப்பு. ஒரு அஞ்சு நிமிசம் தந்தால் தங்கச்சி சைக்கிளில் ஓடிப்போய் எடுத்துவருவாள் என்றார். பதினைந்து வயதுப் பிறேமா சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டின பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவர்கள் அதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள். அவரை வண்டியில் ஏற்றிய பிறகுதான் பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள்.

"உள்ள துவக்கு இருந்திருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்" என்றாள் பிறேமா. "ராசாவின்ரை முடி இருந்தது. கண்ணாடி ஒட்டின முடி. மரவாள். பாத்துப்போட்டு, பெட்டியை அப்பிடியே விட்டிட்டுப் போட்டினம். ஆளைத் திருப்பி இறக்கேல்லை."

இருபத்தொன்பது வருடம். குளியலறைக்குள் இருந்து எத்தனை ஆயிரம் தரம் இருமியிருப்பார்! ஒவ்வொரு இருமலும் இப்போது வந்து அவர் நெஞ்சில் குத்தியது. பூட்டுச் செய்கிற கை இரண்டையும் மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டார். துவக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வியாழக்கிழமை போய் அன்னாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அந்த நிமிடத்தில் அவருக்கு அது பெரிய இழப்பாகவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், வியாழக்கிழமை காலை எழும்பும்போதுதான் அந்த வளையத்தின் சத்தம் காதுக்குள் கேட்டு, கொஞ்சம் வலித்தது.

புறப்படும்போது பிறேமாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். செத்த வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை, புருசனை இழந்தவளை ஒருதரம் போய்ப் பார்க்காமல் இருப்பது வடிவில்லை என்றாள். சோறு, கறி, பருப்பு எல்லாம் டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டாள். ஜெர்மன்காரர் செத்த வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறவர்களை முன்பின் கண்டிருக்க மாட்டார்கள். அன்னா டப்பாக்களைப் பார்த்ததும் பிறேமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பிறேமா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறவள், அவளுடைய ஜெர்மன் பேனாட்டின் ஜெர்மனைவிட நல்லது. இரண்டு பெண்களும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பேனாட் சொல்ல வந்ததைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, பிளம்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

வில்லியின் பெட்டி உள்ளறையில் இருந்தது. சங்கத் தலைவர் வந்து திறந்து ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார், மறுபடி பூட்டியே கிடக்கிறது என்று அன்னா காட்டினார். பிறேமா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இதைப் பார்க்கப் பொலிஸ் வருமா என்று கேட்டாள். அன்னாவுக்கு அது ஒரு பெரிய கேள்வியாகவே படவில்லை. வருவார்கள், சொல்லாமல்தான் வருவார்கள், மூன்று நாலு வருடத்துக்கு ஒருக்கால் என்றார். வந்து? வந்து பெல் அடிப்பார்கள். அடித்து? உள்ளே வரலாமா என்று கேட்பார்கள். நீங்கள் வேண்டாம் என்றால்? இன்றைக்கு வசதியில்லை என்று ஒருதரம் வில்லி சொன்னார், தோட்டத்தில் விருந்துக்காரர் இருந்தார்கள், சரி என்று அடுத்த கிழமை வந்தார்கள். பிறேமா ஒவ்வொரு பதிலையும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அடுத்ததைக் கேட்டாள்.

"பெட்டியைத் திறக்கச் சுணங்கினால் என்ன செய்வினம்?"

இதைத் தமிழில் கேட்டுவிட்டாள். பேனாட்டைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் மொழிபெயர்த்தார். அன்னாவுக்கு அப்போதுதான் வில்லியின் நினைவு வந்து சிரிப்பும் வந்தது. ஒருதரம் வில்லி எண்ணை மறந்துபோனார், எழுதிவைத்த துண்டையும் காணோம், மூக்குக் கண்ணாடியையும் காணோம், கால் மணித்தியாலம் வீடெல்லாம் தேடினார் என்றார். வந்தவர்கள்? கோப்பி குடித்தார்கள், நாயைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ட்ராமில் வரும்போது பிறேமா யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பேனாட்டும் அன்னாவிடம் வேண்டாம் என்று சொல்லாமலே வந்துவிட்டார், அது வேறு அவரை உறுத்திக்கொண்டிருந்தது. நாளைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுத்தபோது, பிறேமா முந்திக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, அதை வாங்குங்கோ."

பேனாட் நம்பாமல் பார்த்தார்.

"பெட்டியும் வரட்டும். எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்."

"எதை?"

"அவை வந்து பாக்கிறதை."

அப்படித்தான் வளையத் துவக்கு அந்த வீட்டுக்கு வந்தது. சட்டப்படி பதிந்து, மஞ்சள் அட்டையில் எண் ஏறி, நூற்றிருபது கிலோ பெட்டியை மூன்றாம் மாடிக்கு நாலு பேர் மூச்சுவாங்கத் தூக்கி வந்தார்கள். முதல்நாள் அந்தப் பெட்டி இருந்த அறையில் பிறேமா படுக்கவில்லை, வரவேற்பறைச் சோபாவில் படுத்தாள். நாலாம் நாள் உள்ளே வந்தாள். ஆனால் அந்தப் பக்கம் முகம் வைத்துப் படுக்கவில்லை. பேனாட் ஒவ்வொரு செவ்வாயும் துவக்கை உறையில் போட்டுப் பூட்டி எடுத்துப்போய், சுட்டு, துடைத்து, எண்ணெய் போட்டுத் திருப்பிக்கொண்டுவந்து வைப்பார். வளையத்தை இழுக்கும்போதெல்லாம் அந்த ஒரு சத்தத்துக்காகக் காது கொடுத்து நிற்பார். சொந்தக் கையில் அது இன்னும் இனிமையாகக் கேட்டது. இருந்தாலும் மனதுக்குள் ஒரு பயம் குந்திக்கொண்டே இருந்தது. வருகிறவர்கள் எப்படி வருவார்களோ? ஒரு முகச்சுளிப்பு, ஒரு அதட்டல் போதும், இருபத்தொன்பது வருடம் கட்டிக் காத்தது எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். வாங்கியிருக்கவே கூடாது என்று எத்தனையோ தரம் நினைத்தார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பெல் அடித்தது. பிறேமாதான் கதவைத் திறந்தாள். நீலச் சீருடையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பேனாட் கைலியோடு குசினிக்குள் நின்றவர், எட்டிப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெண் பொலிஸ்காரி பெயரைச் சொன்னாள், அட்டையைக் காட்டினாள், துவக்குப் பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறோம், உள்ளே வரலாமா என்று கேட்டாள். பிறேமா கதவைப் பிடித்துக்கொண்டே ஒரு கணம் நின்றாள். பிறகு வழிவிட்டாள். இரண்டு பேரும் கால்மிதியில் சப்பாத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டு, கழற்றவேண்டுமா என்று அந்த ஆண் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள் பிறேமா.

பேனாட் பெட்டிக்கு முன்னால் குந்தி எண்ணை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். சிவப்பு. வாழ்நாள் முழுக்கப் பூட்டோடு கிடந்த விரல், சொந்த வீட்டுப் பூட்டில் போய்த் தடுமாறுகிறது! மூன்றாம் தரமும் பிழையாகப் போனது. அதோடு விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. மூன்று தரம் பிழைத்தால் இந்தப் பூட்டு தன்னைத் தானே மூடிக்கொள்ளும், ஐந்து நிமிடம் போனால்தான் மறுபடி எண்ணை ஏற்கும். இது பேனாட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பூட்டுகளை அவரே சேர்த்திருக்கிறார். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பொலிஸைப் பார்ப்பதற்கு அல்ல, பிறேமாவைப் பார்ப்பதற்கு.

அவள் படுக்கையறை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். கண் அந்தப் பொலிஸ்காரன் கையிலேயே இருந்தது.

"மன்னிக்கவேணும், ஐந்து நிமிடம் ஆகும்" என்றார் பேனாட் ஜெர்மனில்.

அவசரமில்லை என்றான் அந்த மனிதன். தன்னுடைய கைத்தொலைபேசி எண்ணே தனக்கு நினைவில் நிற்பதில்லை என்றான். பெண் சுவரில் இருந்த செபஸ்தியார் படத்தைப் பார்த்து, இவர் சங்கத்துச் செபஸ்தியார்தானே என்று கேட்டாள். ஓம், எங்கள் ஊரிலும் அவர்தான் என்றார் பேனாட். நாலு பேரும் சும்மா நின்றார்கள். அடுப்பில் கறி கொதிக்கிற சத்தம் கேட்டது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான், யன்னலால் வெளியே பார்த்தான். கொட்டாவி ஒன்றை வாயைப் பொத்தி விழுங்கினான். பேனாட்டுக்கு அந்தக் கொட்டாவியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும் போலிருந்தது.

விளக்கு நின்றது. எண்ணை அழுத்தினார். பச்சை. கதவு திறந்தது.

உள்ளே துவக்கு இருந்தது. பொலிஸ்காரி குனிந்து அதன் எண்ணைப் படித்தாள், கையிலிருந்த தாளோடு ஒத்துப் பார்த்தாள், ஒரு சரி போட்டாள். தோட்டா ஏற்றியிருக்கவில்லை என்று பார்த்து இன்னொரு சரி. நன்றி சொன்னாள். நல்ல வாரஇறுதியாக அமையட்டும் என்றான் மற்றவன். இருவரும் வாசலுக்கு நடந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்று ஜெர்மனில் கேட்டாள் பிறேமா. அன்று அவள் அவர்களிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அவ்வளவுதான் என்றாள் பொலிஸ்காரி.

கதவைச் சாத்தவில்லை பிறேமா. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்து நின்றாள். மூன்று மாடியும் அந்தச் சப்பாத்துகள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஏறி வந்தவர்கள் இரண்டு பேர். இறங்கிப் போனதும் இரண்டு பேர்தான். கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் வந்த பிறகே உள்ளே வந்தாள். வந்து, திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால், நிலத்தில் இருந்துவிட்டாள்.

"பெட்டிக்குள்ள துவக்கு இருக்கு" என்றாள். "இருந்தும் அஞ்சு நிமிசம் நிண்டவை. இராயப்பு அண்ணை அஞ்சு நிமிசம்தான் கேட்டவர்."

பிறகு அழுதாள். முப்பத்தைந்து வருடத்து அழுகை, சத்தமாகத்தான் வந்தது. பேனாட் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கறி அடிப்பிடித்து மணந்தது. அவர் எழும்பி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து, சட்டம் சட்டம்தானே, பெட்டியைச் சாத்தினார். உள்ளே நாக்கு விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறேமா திடுக்கிடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்தபடி இருந்தாள்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் புறப்பட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பிறேமா குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. வரேக்கை குளியலறைக்கு ஒரு பூட்டுக் கொண்டுவாங்கோ. எத்தினை நாளைக்கெண்டு இருமுறது."

அன்றைக்கு முழுவதும் பேனாட் தொழிற்சாலையில் ஒவ்வொரு பூட்டாகத் திருகி, காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, காசு கட்டி, பற்றுச்சீட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.